காரில் உட்கார்ந்து வந்தவருக்கு அடிபட்டால்: நஷ்ட ஈடு பெறும் வழி, முதல் நாளிலிருந்து

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு எங்கள் பெரியம்மா மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஓட்டியவர் அவருடைய மாப்பிள்ளை. கோவில்பட்டியைத் தாண்டியதும், விடியற்காலை நாலரை மணிக்கு, நான்கு வழிச்சாலையில் பின்விளக்கு எரியாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியது. மாப்பிள்ளைக்குச் சிராய்ப்புதான். பின் சீட்டில் பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டு வந்த பெரியம்மாவுக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. இது 2022 செப்டம்பரில் நடந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளும் யாரும் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நான் பேச்செடுத்தபோது பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "மாப்பிள்ளை மேல கேஸ் போட்டுத்தான் நான் காசு வாங்கணுமா?"

அந்தக் கேள்வியால் நஷ்ட ஈடே கேட்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. ஓட்டியது தம்பியாக இருக்கும், நண்பனாக இருக்கும், முதலாளியாக இருக்கும். அதனால் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். விபத்து வழக்கில் ஓட்டுநரையும் வண்டி உரிமையாளரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது ஒரு நடைமுறை. பாலிசி சரியாக இருந்தால் பணம் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. எங்கள் மாப்பிள்ளைக்குச் சம்மன் வந்தது. வக்கீல் வைக்கவில்லை, ஆஜராகவும் இல்லை, நீதிமன்றம் அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கியது, அதாவது அவர் வராமலேயே வழக்கை நடத்தியது. அதற்காக அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

இன்னொன்று. விபத்தில் ஓட்டுநர் தவறு செய்திருக்கலாம், எதிரே வந்தவர் தவறு செய்திருக்கலாம், இருவருமே செய்திருக்கலாம். சும்மா உட்கார்ந்து வந்தவர் மேல் அந்தத் தவறு ஏறாது. தானே கவனக்குறைவாக ஓட்டி இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு இல்லை என்று 2025 ஜூலையில் ஒரு செய்தி பரவியது நினைவிருக்கும். அதைப் படித்துவிட்டு "நம்ம வண்டிதானே மோதியது, நமக்கு ஒன்றும் கிடைக்காது" என்று சொன்ன பயணிகளை நானே பார்த்தேன். அது ஓட்டியவரைப் பற்றிய வழக்கு. பயணியின் கதை வேறு.

முதல் 48 மணி நேரம்: வைத்தியமும் ஒரு வரியும்

108-ஐக் கூப்பிடுவது எல்லோருக்கும் தெரியும். விபத்தில் அடிபட்டு வருபவருக்கு அவசர சிகிச்சை தர எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. "போலீஸ் கேஸ், முதலில் எஃப்.ஐ.ஆர். வரட்டும்" என்று காக்க வைப்பது சட்டப்படி செல்லாது.

செலவுக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை, வெளிமாநிலத்தவர்களுக்கும் பொருந்தும். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரி கவுன்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். விபத்துப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். விபத்துப் பதிவேடு, பேச்சு வழக்கில் ஏ.ஆர். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டியில் போகும்போது, எது மோதி அடிபட்டது என்று இரண்டு மூன்று வரி. அடிபட்டவர் சொல்வதையோ கூட்டிவந்தவர் சொல்வதையோ கேட்டு எழுதுவதுதான் அது. பெரியம்மா விஷயத்தில் மாப்பிள்ளை கார் பக்கத்தில் போலீசுக்காக நின்றுவிட்டார். ஆம்புலன்ஸில் வந்த பையன், தான் பார்த்ததை வைத்து, "கார் தானாக மோதிக் கவிழ்ந்தது" என்று சொல்லியிருக்கிறான். அதுவே ஏ.ஆரில் ஏறிவிட்டது. லாரி என்ற சொல்லே அதில் இல்லை. பின்னால் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, "லாரியைப் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள்" என்று ஒரு வருஷம் இழுத்தார். சாலையோர டீக்கடைக்காரர் தன் போனில் எடுத்திருந்த ஒரு போட்டோ இல்லையென்றால் வழக்கின் பாதி அங்கேயே போயிருக்கும்.

ஆகவே கூட இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டாக்டர் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். "காரில் பயணியாக வந்தார், இன்ன வண்டியில் மோதியது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சிலர் போலீஸ் வேண்டாம் என்று பயந்து "படியில் வழுக்கி விழுந்தார்" என்பார்கள். அப்படி எழுதிவிட்டால் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

போட்டோவும் அப்படித்தான். இரண்டு வண்டிகளின் நம்பர், நின்ற நிலை, டயர் தடம், விளக்கு எரிந்ததா இல்லையா, அருகிலுள்ள கிலோமீட்டர் கல். வண்டியை ஓரம் கட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

போலீசில் என்ன கேட்க வேண்டும்

விபத்து நடந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால் அது போதாது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் கவனக்குறைவாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125(அ), கொடுங்காயத்துக்கு 125(ஆ), உயிரிழப்புக்கு 106(1) பிரிவுகள் வரும். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பணக் கணக்கிலும் வரும்.

2022 ஏப்ரல் 1 முதல் போலீசுக்கே காலக்கெடு உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. கடைசியாகச் சொன்ன அறிக்கை, விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதையே நஷ்ட ஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல் தனியாக மனுப் போடுங்கள் என்பதே என் யோசனை. முதல் விபத்து அறிக்கையின் நகல் அடிபட்டவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது விதி, எனவே உரிமையோடு கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆரில் உங்கள் வண்டி ஓட்டுநர் பெயர் மட்டும் குற்றவாளியாக இருந்தால் பதற வேண்டாம். தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள், கிரிமினல் கோர்ட் போலச் சந்தேகமே இல்லாத நிரூபணம் கேட்க மாட்டார்கள். ஆனாலும் போலீஸ் வாக்குமூலம் எடுக்கும்போது எதிர் வண்டியைப் பற்றிய விவரம் விடுபடக் கூடாது. லாரி நின்றிருந்ததா, முக்கோணப் பலகை வைத்திருந்தார்களா, இண்டிகேட்டர் எரிந்ததா என்பதையெல்லாம் சொல்லுங்கள்.

வழக்குக்குத் தேவையான கட்டு இது: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், காயச் சான்று, விபத்து இடத்தின் மாதிரி வரைபடம், போலீஸ் அந்த இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, இரு வண்டிகளின் ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் நகல்கள். பெரும்பாலானவை போலீசிடமே இருக்கும்.

பணம் யாரிடமிருந்து வரும்: பாலிசியைப் படியுங்கள்

நஷ்ட ஈட்டு வழக்கில் மிகவும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எதிர் வண்டி மேல் தவறு என்றால் சிக்கல் குறைவு. அந்த வண்டிக்குக் குறைந்தபட்ச தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தாலே போதும், நீங்கள் அவர்களுக்கு மூன்றாம் நபர். வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் கம்பெனி பெயரும் பாலிசி முடியும் தேதியும் தெரிந்துவிடும்.

நீங்கள் வந்த காரின் மேல்தான் தவறு, அதுவும் சொந்தக் கார் என்றால், அந்தப் பாலிசி எந்த வகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில், காருக்குள் இருப்பவர்களின் காயமும் உயிரிழப்பும் அடங்கும். 2009-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தெளிவுபடுத்தியது, 2012-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால், சொந்தக் காரில் காசு கொடுக்காமல் வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. காரின் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். பெரியம்மா பயந்த நிலைமை இங்கேதான் உண்மையாகவே வரும். பழைய காருக்குப் பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோவிலுக்குப் போகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

பேக்கேஜ் பாலிசியிலும் ஒரு நிபந்தனை உண்டு: கூலிக்கோ வாடகைக்கோ ஏற்றப்பட்ட பயணியாக இருக்கக் கூடாது. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்துத் திருப்பதி போகிறோமே, அதில்தான் மாட்டிக்கொள்வது. கம்பெனியின் விசாரணையாளர் வீட்டுக்கு வந்து இனிமையாகப் பேசி, "எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டு எழுதி வாங்கிப் போவார். பொய் சொல்ல வேண்டாம். ஆனால் நண்பர்கள் பெட்ரோலுக்குப் பங்கு போட்டதை 'வாடகை' என்று அவர் எழுதிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். படிக்காத தாளிலும் எழுதாத தாளிலும் கையெழுத்தே வேண்டாம்.

மஞ்சள் போர்டு டாக்ஸி, ஆப் மூலம் கூப்பிட்ட டாக்ஸி எல்லாம் வேறு. அவற்றில் பயணிக்கான பொறுப்பு கட்டாயக் காப்பீட்டுக்குள்ளேயே வருகிறது. பயணச் சீட்டு மாதிரி அந்த ஆப் ரசீதையும் டிரைவர் விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் உரிமையாளரே பின் சீட்டில் இருந்து, வேறொருவர் ஓட்டி விபத்தானால்? அவர் தன் பாலிசிக்கே மூன்றாம் நபர் ஆக முடியாது. தனிநபர் விபத்துக் காப்பீடு என்ன எடுத்திருக்கிறாரோ அதன் நிபந்தனைக்குள் கிடைப்பதுதான். எதிர் வண்டி மேல் தவறு இருந்தால் அங்கே கேட்கலாம்.

சரி, இரண்டு வண்டி மேலும் தவறு என்றால்? பயணிக்கு உண்மையில் இதுதான் வசதியான நிலை. மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ஓட்டியது ஒரு தவறு, லாரிக்காரர் விளக்கில்லாமல் நிறுத்தியது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெரியம்மாவின் காலை உடைத்தன. இதைக் கூட்டுக் கவனக்குறைவு என்பார்கள். இப்படிப்பட்ட வழக்கில் பயணி முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம், அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வக்கீல் ஒரு வண்டியை மட்டும் சேர்த்து மனு எழுதினால், ஏன் என்று கேளுங்கள். இரண்டு வண்டியின் உரிமையாளர், இரண்டு கம்பெனி, எல்லோரையும் சேர்ப்பதே பாதுகாப்பு.

பெல்ட் போடவில்லை என்பதைக் கம்பெனி வக்கீல் கட்டாயம் எழுப்புவார். பின் சீட்டிலும் பெல்ட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது உண்மை. ஆனால் ஒரு விதியை மீறினார் என்பதாலேயே தொகையைக் குறைத்துவிட முடியாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ தொடர்பு காட்ட வேண்டும். ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் வைத்தது.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிப்போய், எதுவென்றே தெரியாவிட்டால், அரசின் நிதியிலிருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கே, எப்போது, எந்தப் பிரிவில்

மனுவைப் போடும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோ அந்த வேலையைச் செய்யும். வழக்கு எண்ணுக்கு முன்னால் எம்.சி.ஓ.பி. என்று போட்டிருக்கும். விபத்து கோவில்பட்டியில் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். பெரியம்மாவின் வழக்கு மதுரையில்தான் நடந்தது.

காலக்கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய விபத்துகளுக்கு இது பொருந்தும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. தாமதமானவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தாமதமாகாதவர்கள் ஏன் அந்த வம்புக்குப் போக வேண்டும்? ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், சிகிச்சை முடியாவிட்டாலும் பரவாயில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் மனுப் போட இரண்டு பிரிவுகள் உண்டு. 164-ல் யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம், ஆனால் தொகை நிலையானது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். 166-ல் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. சம்பாதிக்கும் ஆளுக்கு நிரந்தர ஊனம் என்றால் 166தான் சரி. கம்பெனியே முன்வந்து ஒரு தொகை சொல்வதும் உண்டு. அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. காலில் பிளேட் இருக்கிறது, ஒரு வருஷம் கழித்து எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு என்ற நிலையில் அவசரப்படாதீர்கள்.

தொகையைக் கணக்கிடுவது

மருத்துவச் செலவு, ஆம்புலன்ஸ், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, சத்துணவு, வலியும் வேதனையும், படுத்திருந்த மாதங்களின் வருமான இழப்பு, இனி ஆகப்போகும் சிகிச்சை என்று தலைப்புகள் பல. பில் இருந்தால்தான் பணம். மெடிகிளைமுக்கு ஒரிஜினலைக் கொடுக்க வேண்டி வந்தால், ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு செட் நகல் வாங்கி வையுங்கள்.

பெரிய தொகை வருவது எதிர்கால வருமான இழப்பில். பெரியம்மாவுக்கு அப்போது வயது 48. வீட்டு வேலையோடு பிளவுஸ் தைப்பார். சம்பளச் சீட்டு கிடையாது. "வீட்ல சும்மா இருக்கேன்னு எழுதிடாதீங்க" என்று வக்கீல் முதல் நாளே சொன்னார். இல்லத்தரசியின் வேலைக்கும் ஒரு வருமானம் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

ஒரு கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. சுயதொழில் செய்பவர், வயது 40-லிருந்து 50-க்குள் என்றால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்க்கலாம், 2,25,000 ஆகிறது. இதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 46 முதல் 50 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 13. மொத்தம் 29,25,000. உழைக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்றால் 5,85,000 ரூபாய். அந்த 25 சதவீதத்தைச் சேர்க்க மறந்தால் 4,68,000தான். ஒரு வரி விடுபட்டதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம். 40 வயதுக்குக் கீழே என்றால் 25-க்குப் பதில் 40 சதவீதம், நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இன்னும் கூடுதல். உயிரோடிருக்கும் காயம்பட்டவருக்கும் இந்த உயர்வு பொருந்தும் என்று 2020-ல் தீர்ப்பு வந்துவிட்டது.

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் சூட்சுமம். மருத்துவக் குழு தரும் சான்றில் உடல் ஊனம் இத்தனை சதவீதம் என்று இருக்கும். வருமான இழப்பு அதே அளவாக இருக்க வேண்டியதில்லை. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உதாரணம் நல்ல உதாரணம்: இடது கை போனால் தச்சருக்கோ டிரைவருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். பெரியம்மா சாட்சிக் கூண்டில், தையல் மெஷினின் கால்மிதியை எந்தக் காலால் மிதிப்பார், இப்போது எவ்வளவு நேரம் மிதிக்க முடிகிறது என்று சொன்னார். சான்றிதழை விட அது அதிகம் வேலை செய்தது என்றே நினைக்கிறேன். உங்கள் வேலையில் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று விளக்கத் தயாராகப் போங்கள்.

வக்கீல், புரோக்கர், சமரசம்

ஆஸ்பத்திரி வாசலிலேயே "கேஸ் நாங்க பார்த்துக்கறோம், நீங்க ஒண்ணும் தர வேண்டாம், வர்றதுல முப்பது பர்சென்ட்" என்று ஆள் வருவார். வெற்றித் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிகளுக்கே எதிரானது. கட்டணத்தை ஒரு தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாமா என்று நடுவில் கேட்பார்கள். சீக்கிரம் பணம் வரும், மேல்முறையீடு கிடையாது. இரண்டாவது விஷயம் கம்பெனியைக் கட்டுப்படுத்துவது போல உங்களையும் கட்டுப்படுத்தும். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போய், அதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு உட்காருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்புத் தொகைக்கு மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். முப்பது நாளில் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும். குறைவாகத் தந்ததாகத் தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், தெற்கு மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. குழந்தைக்கான தொகை வயது வரும்வரை வங்கியில் வைப்பாக இருக்கும்.

பணம் நேரடியாக உங்கள் கணக்கில் வர வேண்டும். மனுவோடு வங்கிப் புத்தக நகலைக் கொடுத்து வையுங்கள். புதிதாகக் கணக்குத் திறந்து செக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரியம்மாவின் வழக்கில் தவறைக் காருக்கு 60, லாரிக்கு 40 என்று தீர்ப்பாயம் பிரித்தது. இரண்டு கம்பெனியும் அந்தப் பங்குப்படி கட்டின. வங்கியிலிருந்து மெசேஜ் வந்த அன்று, அதைப் படித்துக் காட்ட அவர் முதலில் கூப்பிட்டது மாப்பிள்ளையைத்தான்.